கீழ்ப்படை: ஒரு சொல்லும் அதன் பொருள் வேறுபாடுகளும்

மேனாட்டு நூல்களில் வழங்கும் 'சப்ஸ்ற்றாற்றம்', 'சப்ஸ்ற்றேற்' என்னும் இரு சொற்களும் கீழே விரித்தல் என்ற பொருளுடைய ஓர் இலத்தீன் வினையடியிற் பிறந்தவை. இலங்கைப் பாடநூல்கள் ஆளும் 'கீழ்ப்படை' என்னுந் தமிழாக்கம் சொல்லளவிற் பழுதற்றதே. படை என்பது சேனையையும் சருமநோயையுங் குறிக்குமாயினும், அடுக்கு என்ற பொருளும் அதற்குண்டு. எனினும், துறைதோறும் அச்சொல் சுட்டும் பொருள் புரியுந் தொழில் ஒன்றன்று. இதனை உணராத மாணவன் சொல்லை மனனஞ் செய்து பொருளைக் கைவிடுவான்.

நிலவியலில் இச்சொல் வேர்ப்பொருளிலேயே நிற்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணுக்கு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லே கீழ்ப்படை. மண்ணைத் தாங்குவதும், மழைநீரைத் தன் வெடிப்புக்களிலும் குகைகளிலுந் தேக்கிக் கிணறுகளுக்கு அளிப்பதும் அக்கல்லே. இலத்திரனியலார் நுண்சுற்றுக்களை அமைக்குஞ் சிலிக்கன் தகட்டை இப்பெயரால் அழைப்பதும் இவ்வாறானதே.

மெய்யியலிலோ கீழ்ப்படை கண்ணுக்குப் புலனாவதன்று. நிறமும் வன்மையும் போன்ற குணங்கள் யாதேனும் ஒன்றைப் பற்றியே நிற்றல் வேண்டும். அந்த ஒன்று யாதென அறிதல் இயலாது என்றார் யோன் லொக். 1690ஆம் ஆண்டினதாகிய தமது நூலில் இதனை விளக்க அவர் ஓர் இந்தியனைத் துணைக்கழைத்தமை சுவையானது. உலகை யானை தாங்குகின்றது, யானையை ஆமை தாங்குகின்றது என்ற அவ்விந்தியன், ஆமையைத் தாங்குவது யாதென வினவப்பட்டபோது, தானறியாத ஏதோவொன்று என்றானாம். வேதாந்திகள் கூறும் அதிட்டானமும் தாங்குபொருளே. ஆயின் அஃது அறியப்படவேண்டிய பொருள். கயிறு கயிறென அறியப்பட்டவிடத்து, அதன்மேற் தோன்றிய பாம்பு ஒழியக் கயிறே எஞ்சும். சிற்பநூலார் கோயிலின் அடித்தளத்தையும் அதிட்டானம் என்றே வழங்குவர். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்கள் பல பொறிக்கப்பட்டிருப்பது அப்பகுதியிலேயாம்.

மொழியியலில் நிலைமை மாறுகின்றது. ஒரு மக்கட்கூட்டம் தன் மொழியைக் கைவிட்டு வேறொன்றை மேற்கொள்ளும்போது, கைவிட்ட மொழி புதுமொழியிற் சில சுவடுகளை விட்டுச்செல்லும். அவ்வாறு மறைந்த மொழியே ஈண்டுக் கீழ்ப்படை. இத்தாலிய அறிஞர் அஸ்கோலி 19ஆம் நூற்றாண்டில் இக்கொள்கையை வலியுறுத்தினார். தமிழ் மாணவர் அறியவேண்டிய வழக்கொன்று இதிலுண்டு. வடமொழியிலுள்ள டகர, ணகரம் போன்ற நாவளை ஒலிகள், அதன் உடன்பிறப்பாகிய அவெஸ்தா மொழியில் இல்லை. இவை திராவிடக் கீழ்ப்படையின் விளைவு எனப் பலர் கொள்வர்; வடமொழியின் உள்ளேயே நிகழ்ந்த ஒலித்திரிபே காரணம் என்பாருமுளர். இரண்டுமே பங்குகொண்டிருத்தல் கூடும் என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

பெரிய மயக்கம் விளைவது உயிரிரசாயனத்திலேயாம். அங்கே நொதியம் எதன்மீது தொழிற்படுகின்றதோ அது கீழ்ப்படை. உமிழ்நீரிலுள்ள அமிலேசுக்கு மாப்பொருள் கீழ்ப்படை. யூரியேசுக்கு யூரியா கீழ்ப்படை. நொதியங்கள் பல தம் கீழ்ப்படையாலேயே பெயர்பெறுவதையும் இவற்றிற் காணலாம். 1926ஆம் ஆண்டில் சம்னர் வாளவரை வித்திலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்தது இந்த யூரியேசையே. ஆனால் இக்கீழ்ப்படை எதனையுந் தாங்குவதில்லை; எதன் அடியிலுங் கிடப்பதுமில்லை. நொதியத்தின் ஒரு பகுதியிற் சென்று பொருந்தி, வேறு பொருளாக மாறிப் போகின்றது; மாறாது எஞ்சுவது நொதியமே. வேதாந்தியின் அதிட்டானத்துக்கு இது நேர்மாறு. தமிழிலக்கண வழக்கிற் கூறின், நொதியம் எழுவாய், இது செயப்படுபொருள். 'வினைபடுபொருள்' என்றாற்போன்ற பெயர் ஈண்டு மாணவனை வழிதவறச் செய்யாது.

குடாநாட்டுத் தோட்டமொன்றில் யூரியா இடப்படும்போது இருவகைக் கீழ்ப்படையும் ஓரிடத்திற் காணப்படும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் யூரியேசு, தன் கீழ்ப்படையாகிய யூரியாவை அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் சிதைக்கின்றது. அது சில நாளில் மறைந்துபோம். அமோனியா வேறு நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாகிறது. பயிர் கொள்ளாது எஞ்சியது நீரோடு இறங்கி, மற்றைக் கீழ்ப்படையாகிய சுண்ணாம்புக்கல்லினூடே கிணற்றை அடைகின்றது.