தீவுக் கழுகுகளின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளிலுள்ள பாம்புக் கழுகுகளுள் இரண்டு இனங்கள் உலகில் வேறெங்கும் காணப்படாதவை. அந்தமான் பாம்புக் கழுகு, தீவுகளின் உட்பகுதிக் காடுகளில் வாழும் கரும்பழுப்பு நிறப் பறவை. நிக்கோபார் பாம்புக் கழுகு, பெரிய நிக்கோபாரிலும் அதனை அடுத்த சிறு தீவுகளிலும் மட்டுமே உள்ளது. சுமார் 40 சென்டிமீட்டர் நீளமே உள்ள இது, கழுகினங்களுள் மிகச் சிறியவற்றைச் சேர்ந்தது. இத்தகைய பறவையொன்று காயமுற்று மனிதரிடம் வந்து சேருமாயின், சிறகு முறிவு உடனே கண்ணுக்குத் தெரிகிறது. குடலில் நேரும் மாறுதல் தெரிவதில்லை. ஆயினும், அப்பறவை மீண்டும் காட்டில் பிழைத்து வாழ்வதற்குக் குடலின் நலமும் இன்றியமையாதது.

ஜீரண உறுப்புக்கள்

கழுகு, பருந்து முதலியன விழுங்கும் இரை முதலில் தீனிப்பையில் தங்குகிறது. ஆந்தைகளுக்குத் தீனிப்பை இல்லை. அடுத்து இரைப்பையில் மிகக் கடுமையான அமிலம் சுரக்கிறது. பகலில் வேட்டையாடும் பறவைகளில் இதன் பி.எச். அளவு சுமார் 1.6, ஆந்தைகளில் சுமார் 2.4. இவ்வளவு குறையக் குறைய அமிலத்தின் கடுமை மிகும். எனவே கழுகின் வயிற்றில் எலும்புகள் பெரும்பாலும் கரைந்து விடுகின்றன. ஆந்தையோ எலும்பையும் உரோமத்தையும் உருண்டையாக வெளியே கக்கிவிடுகிறது. இரையுடன் உட்செல்லும் கிருமிகளுட் பலவும் இவ்வமிலத்தில் மடிகின்றன. அதற்குத் தப்பியவையும், காற்றில்லாச் சூழலில் வாழவல்லவையுமே குடலில் நிலைபெறுகின்றன.

அமெரிக்காவின் இரண்டு இனப் பிணந்தின்னிக் கழுகுகள் ஐம்பதை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட முடிவு இதனை நன்கு விளக்குகிறது. அவற்றின் முகத்தோலில் சராசரி 528 வகை நுண்ணுயிர்கள் இருந்தன. குடலில் 76 வகைகளே காணப்பட்டன. குடலில் மிகுந்திருந்தவை கிளாஸ்டிரிடியா, ஃபியூஸோபாக்டீரியா என்னும் இரு தொகுதிகள். பிற பிராணிகளுக்கு நோய் தரக்கூடிய இனங்கள் இத்தொகுதிகளில் உண்டு. அவற்றைத் தாங்கிக்கொண்டே இப்பறவைகள் நலமாக வாழ்கின்றன. ஆகவே, ஒரு பாக்டீரியா குடலில் இருப்பது வேறு. அதனால் நோய் உண்டாவது வேறு.

காட்டிலும் கூண்டிலும்

குஞ்சு பொரித்தபின், கூட்டிலிருந்தும் தாய் தந்தை ஊட்டும் இரையிலிருந்தும் பாக்டீரியாக்கள் அதன் குடலில் குடியேறுகின்றன. பின்னர் அது உண்ணும் உணவுக்கும் வாழும் இடத்துக்கும் ஏற்ப அக்கூட்டம் மாறிவருகிறது. பாம்புக் கழுகின் இரை ஓணான், பாம்பு, தவளை, எலி போன்றவை. கரையோரத்து வெண்வயிற்றுக் கடற்கழுகின் முக்கிய உணவு மீனும் கடற்பாம்பும். இவ்விரண்டையும் கூண்டில் அடைத்து நாள்தோறும் கோழியிறைச்சியே அளித்தால், இருவேறு குடல்களுக்கும் ஒரே வகை உணவே சென்று சேர்கிறது.

கூண்டுப் பறவைகளின் குடல் பாக்டீரியாக்கள் காட்டுப் பறவைகளினின்று வேறுபடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சில இனங்களில் வகைகள் குறைகின்றன, சிலவற்றில் கூடுகின்றன. எண்ணிக்கை கூடுவதனால் மட்டும் நலம் என்று கொள்ளலாகாது. கோழியிறைச்சி வழியே சால்மோனெல்லா, கம்பைலோபாக்டர் போன்றவை வரக்கூடும். கோழிப் பண்ணைகளில் மருந்துகள் வரம்பின்றி வழங்கப்பட்டிருந்தால், அம்மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களும் உடன்வரும். பல்லி, பாம்பு முதலியவற்றின் குடலிலும் சால்மோனெல்லா இயல்பாகவே தங்குவதுண்டு. ஆயினும், பண்ணையிலிருந்து வரும் வகையும் காட்டிரையில் உள்ள வகையும் ஒன்றாயிருக்க வேண்டுவதில்லை. சிறு தீவொன்றில் குறைந்த எண்ணிக்கையில் வாழும் இனத்தினிடையே புதிய கிருமியைச் சுமந்த பறவையை விடுவித்தால், அக்கிருமி பரவுமாயின் அந்த இனத்துக்குப் புகலிடம் வேறில்லை.

பணியாளர் கவனத்திற்கு

சிகிச்சைக்காலம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று. உணவு காட்டிரையை ஒத்ததாயிருத்தல் வேண்டும். எலும்பும் தோலும் நீக்கிய இறைச்சியை மட்டும் தொடர்ந்து அளிப்பது தகாது. அதில் சுண்ணாம்புச் சத்து குறைவாதலால் இளம் பறவைகளின் எலும்பு வளைந்துவிடும். ஆண்டிபயாடிக் மருந்துகளைக் கால்நடை மருத்துவரின் ஆணையின்றி அளிக்கலாகாது. அவை தீய பாக்டீரியாக்களுடன் நல்லனவற்றையும் அழிப்பதால், வெறுமையான இடத்தில் காளான் வகை ஈஸ்டுகள் பெருகி வாயிலும் தொண்டையிலும் வெண்படலம் உண்டாவதுண்டு. தீவுப் பறவைகளை வீட்டுக்கோழிகளுக்கு அருகில் வைப்பதும் தவிர்க்கத்தக்கது.

எச்சத்தைச் சோதனைக்கு அனுப்பும்போது ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். எச்சத்தின் வெண்பகுதி சிறுநீரகக் கழிவு. கரும்பகுதியே குடலிலிருந்து வருவது. புதிய எச்சத்தில், மண்படாத கரும்பகுதியைத் தூய குச்சியால் எடுத்து, உடனே குளிரில் வைத்தல் வேண்டும். முன்னாளில் பாக்டீரியாக்களைத் தட்டுகளில் வளர்த்தே அறிந்தனர். காற்றுப்பட்டால் மடியும் இனங்கள் அம்முறையில் தப்பிவிட்டன. இந்நாளில் அவற்றின் மரபுப்பொருளை நேரே படித்து இனங்காண்கின்றனர். எனவே, மண்ணிலுள்ள பாக்டீரியா சிறிது கலந்தாலும் முடிவு பிழைபடும்.

பள்ளிகளில் இப்பாடத்தைத் தொடங்க ஆந்தை கக்கிய உருண்டை ஒன்று போதும். நன்கு சூடாக்கி உலர்த்திய அதனைக் கையுறையணிந்து பிரித்து, எலி எலும்புகளை மாணவர் எண்ணலாம். பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். காட்டிலுள்ள எலியும் ஓணானும் தவளையும் கழுகின் இரையாவதுடன், அதன் குடலின் நலத்தையும் காத்து நிற்கின்றன. கழுகைக் காப்பது அது இரைதேடும் காட்டையும் காப்பதே என்பதை மாணவர் இதனால் உணர்வர்.