உஷார்! மலையில் குளிர்கிறதா? கதவைச் சாத்திக்கொண்டு கரியை மூட்டாதீர்கள்!

கொஞ்சம் நில்லுங்கள். பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

கார்த்திகை மழையில் மாங்காடு சொதசொதவென்று கிடக்கிறது. அரையாண்டு விடுமுறை வரப்போகிறது. "ஊட்டிக்கு ஒரு நடை போய்ட்டு வரலாமா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஆரம்பித்திருப்பார்கள். பூந்தமல்லியில் ராத்திரி வேன் ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். இ-பாஸ் எடுத்தாயிற்று, ரூம் போட்டாயிற்று, பீரோ அடியிலிருந்து ஸ்வெட்டரும் குல்லாவும் எடுத்தாயிற்று.

போய் வாருங்கள். சந்தோஷமாகப் போய் வாருங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் ஆணியடித்துக்கொண்டு போங்கள்.

மூடிய அறைக்குள் கரி எரியக் கூடாது. ஒரு சட்டி கூட! ஒரு மணி நேரம் கூட!

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா?" என்கிறீர்களா? தெரியாமல் போனவர்களின் கதையைக் கேளுங்கள்.

நடந்தது இதுதான்

2024 ஆகஸ்ட். திருச்சியிலிருந்து சில நண்பர்கள் கொடைக்கானல் போனார்கள். சின்னப்பள்ளம் பக்கத்தில் தங்கினார்கள். ராத்திரி பார்பிக்யூ அடுப்பில் கோழி சுட்டுச் சாப்பிட்டார்கள். குளிர் தாங்கவில்லை. தணல் இன்னும் இருக்கிறதே, வீணாவானேன் என்று அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தார்கள். காலையில் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை.

வாலிபப் பிள்ளைகள். தீ விபத்து இல்லை. கவனியுங்கள், அது ஆகஸ்ட் மாதம். மார்கழி கூட இல்லை!

இன்னொன்று. 2020 ஜனவரி. கேரளத்திலிருந்து 15 பேர் நேபாளத்துக்குச் சுற்றுலா போனார்கள். பொக்காரா பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தாமன் என்ற மலை ஊரில் ஓர் இரவு தங்கினார்கள். ஏறக்குறைய நம் ஊட்டி உயரம்தான். நல்ல ரிசார்ட். எடுத்தது நான்கு அறைகள். ஆனாலும் 8 பேர் ஒரே அறையில் படுத்தார்கள். கேஸ் ஹீட்டரைப் போட்டார்கள். குளிர் வரக் கூடாதென்று கதவையும் ஜன்னலையும் உள்ளே தாழிட்டார்கள். காலையில் மற்ற அறைக்காரர்கள் தட்டிப் பார்த்தபோது பதில் இல்லை. ஹெலிகாப்டரில் காத்மாண்டு கொண்டுபோயும் ஒருவரைக் கூடக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு குடும்பங்கள். அதில் 4 குழந்தைகள்.

வேறு அறைகளில் படுத்தவர்கள் பிழைத்தார்கள். அதே ஊர், அதே குளிர், அதே ராத்திரி. வித்தியாசம் அந்த ஒரு அறைதான்.

அவர்களும் நம்மைப் போல வெயில் நாட்டுக்காரர்கள். அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

மழை நாளைவிட மோசமான நாள்

மலை ஊரில் முன்பனிக்கால வாரம் எப்படிப் போகும் தெரியுமா? முதல் இரண்டு மூன்று நாள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மதியமே மேகம் இறங்கி எதிரே வரும் வண்டி தெரியாது. மண் சரியும், மரம் விழும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் கொட்டிய மழையில் மண்சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் மழை நாளில் எல்லோரும் ஜாக்கிரதையாகவே இருக்கிறோம். செய்தி பார்க்கிறோம். ராத்திரியில் மலையேற வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்கிறோம்.

பிறகு ஒரு நாள் வானம் பளிச்சென்று வெளுக்கும். சுள்ளென்று வெயில். பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு படகு ஏரிக்கரையில் ஓடும். "குளிர் விட்டுப்போச்சு" என்று நாம் நினைப்போம்.

இல்லை! அன்றைக்கு ராத்திரிதான் கடும் குளிர்!

மேகம் என்பது பூமிக்குப் போர்வை. அது விலகிவிட்டால் பகலில் வாங்கிய சூட்டை நிலம் மடமடவென்று வானத்துக்கு விட்டுவிடும். காற்றும் அடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல் மாதிரி இடங்களில் புல் வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்துக் கிடக்கிறது. ஏரிக்கரையில் ரூம் கிடைத்ததென்று பெருமைப்படுகிறோமே, குளிர் வந்து உட்காருவதும் அங்கேதான்.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். மார்கழியில் மாங்காட்டில் 21, 22 டிகிரிக்கே குல்லா மாட்டுகிறவர்கள் நாம். அங்கே சாதாரண டிசம்பர் ராத்திரி 7, 8 டிகிரி. உறைபனி இரவில் பள்ளமான இடங்களில் பூஜ்ஜியத்தையே தொடும். ஒரே நாள் பயணத்தில் போய் இறங்கும் உடம்பு இதற்குப் பழகியிருக்காது. பாட்டிக்குக் கால் விறைக்கும். குழந்தை அழும். அப்போது யாராவது ஒரு இரும்புச் சட்டியில் தகதகவென்று தணல் கொண்டுவந்து வைத்தால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஆபத்து அந்த நிமிஷத்தில்தான் உள்ளே நுழைகிறது.

புகை இல்லை, வாடை இல்லை, சத்தம் இல்லை

கரி, விறகு, கேஸ், பெட்ரோல், டீசல் என எது எரிந்தாலும் அதற்குக் காற்று வேண்டும். காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அதற்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. கண் எரியாது. இருமல் வராது. தூங்குகிறவரை எழுப்ப அதில் ஒன்றுமே இல்லை.

ரத்தத்துக்குள் போய் அது செய்யும் வேலையைப் பாருங்கள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அந்த மாதிரி ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தையெல்லாம் இது பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும் பலம் இதற்கு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல். லேசில் எழுந்திருக்காது. வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் அதில் பாதி வெளியேற நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அதுவரை மூளையும் இதயமும் ஆக்ஸிஜனுக்கு ஏங்கும்.

இன்னும் கொடுமை ஒன்று உண்டு. புகை அடங்கி, ஜுவாலை இல்லாமல், சிவப்பாகக் கனிந்து கிடக்கும் தணலைப் பார்த்து "புகைதான் இல்லையே, இனி உள்ளே வைக்கலாம்" என்பார்கள். அந்தத் தணல்தான் இந்த நச்சை நிறையக் கக்கும்!

இந்த அறிகுறிகளை மனப்பாடம் செய்யுங்கள்

– நெற்றியை அழுத்தும் தலைவலி. தலை சுற்றல். குமட்டல், வாந்தி.

– கை கால் ஓய்ந்துபோவது. எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடுவது. பேச்சு குழறுவது.

– காரணமே இல்லாத தூக்கம். "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று தோன்றுவது. இதுதான் மிக மோசம்!

– அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிப்பது. ஒருவருக்கு வந்தால் களைப்பாக இருக்கலாம். எல்லோருக்கும் வந்தால் அறையில் கோளாறு.

– வெளியே போனால் தெளிவு, உள்ளே வந்தால் மறுபடி மயக்கம்.

– குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் மற்றவர்களுக்கு முன்பே சோர்வது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து தாயைவிட அதிகம்.

இதில் நாம் ஏமாறுவது எங்கே தெரியுமா? கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்த களைப்பு என்போம். வழியில் சாப்பிட்ட பரோட்டா சேரவில்லை என்போம். மலை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்போம். இளவட்டங்கள் என்றால் "நேத்து ராத்திரி போட்டதுதான்" என்று சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிவிடுவோம். அந்தச் சிரிப்புக்குள் உயிர் போய்விடும்.

நம்பாதீர்கள்!

"ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் நச்சை இழுத்துக்கொள்ளும்." இழுக்காது. இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம்.

"மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள்ளலாம்." துணி புகைத்தூளைத்தான் தடுக்கும். இந்த வாயு அப்படியே உள்ளே போகும்.

"கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இருக்கிறதே, விரலில் மாட்டிப் பார்க்கலாம்." வேண்டவே வேண்டாம்! ஆக்ஸிஜனுக்கும் இந்த நச்சுக்கும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போது 98 காட்டும்.

"ரிசார்ட்டில் புகை அலாரம் இருக்கிறது." அது புகைக்கு. இதற்குத் தனி அலாரம் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

"நாங்கள் மலைக்கே போகவில்லை" என்பவர்களுக்கும்!

மாங்காட்டிலேயே இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து நாள் கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்தோமே, மறந்துவிட்டதா? அடுத்த புயலுக்கு ஜெனரேட்டரை இயக்குவீர்கள். மழையில் நனையுமே என்று கடை ஷட்டருக்குள்ளோ மாடிப்படி அடியிலோ வைக்காதீர்கள். ஜன்னலை ஒட்டியும் வேண்டாம்.

பச்சைக் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். போடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் தணலை வெளியே கொண்டுபோய் அணைத்துவிடுங்கள். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் மழைக்குளிருக்காக நெருப்புச் சட்டி வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தால் இன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு வெளியே மாற்றுங்கள். நல்ல திடகாத்திரமான ஆட்கள் குளிக்கும்போதே சுருண்டு விழுகிறார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துக் கதவை உடைக்கும்போது நேரம் கடந்திருக்கும்.

மூடிய ஷெட்டில் காரை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதும் இதே கணக்குத்தான்.

நம் மாங்காட்டுக் காமாட்சி ஐந்து தீக்கு நடுவே தவம் நின்றவள். அவள் அம்மன். நாம் மனுஷர்கள். ஒரு தீயையே மூடிய அறைக்குள் தாங்க மாட்டோம்.

ஒருவர் மயங்கிவிட்டால்?

முதலில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளியே இழுத்து வாருங்கள். உள்ளேயே நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் நீங்களும் விழுவீர்கள். மயங்கியவர் வாயில் எலுமிச்சைச் சாறு, சோடா, காபி எதையும் ஊற்றாதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். உடனே 108.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "மூடின ரூம்ல கரி எரிஞ்சுது." இதைச் சொல்லாவிட்டால் வாந்திக்கும் தலைவலிக்கும் வைத்தியம் நடந்து நேரம் வீணாகும். சொன்னால் உடனே ஆக்ஸிஜன் வைப்பார்கள். மாஸ்க்கில் சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்தால் நச்சு பல மடங்கு வேகமாக வெளியேறும்.

தெளிந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பிழைத்த சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்து மறதியும் தடுமாற்றமும் வரும். அறையில் இருந்த எல்லோரையும் காட்டிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால்

கேம்ப்ஃபயர் வேண்டுமா? முற்றத்தில், வெட்டவெளியில் போடுங்கள். படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். அறையிலோ கூடாரத்திலோ அந்தத் தணலில் ஒரு கரண்டி கூட வரக் கூடாது. அறைக்குள் கணப்பு அடுப்பு இருந்தால் புகைபோக்கி அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் மூட்டாதீர்கள்.

குளிரை உடம்பில் தடுங்கள். பருத்தி பனியன், மேலே முழுக்கை, அதற்கு மேல் ஸ்வெட்டர். காலுக்கு உறை, காதுக்கு மறைப்பு. சூரியன் சாய்வதற்குள் பிள்ளைகளுக்கு எல்லாம் மாட்டிவிடுங்கள். படுக்கும் முன் சூடாகச் சாப்பிடுங்கள். பாட்டி காலடியில் வெந்நீர்ப் பை வையுங்கள். கரன்ட் ஹீட்டர் என்றால் சுவர் பிளக்கில் நேராகப் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம். அதன் மேல் ஈரத்துணி காயப்போடாதீர்கள்.

இப்போதே போனை எடுத்து ரிசார்ட்டுக்குப் பேசுங்கள். மூன்று கேள்வி போதும். ஆளுக்கு இரண்டு கம்பளி தருவீர்களா? ஹீட்டர் கரன்டா, கேஸா? வெந்நீர் கீசர் கேஸ் என்றால் அது எங்கே இருக்கிறது? கேஸ் ஹீட்டர் என்றாலோ, "குளிருக்குக் கரிச்சட்டி தருவோம் சார்" என்றாலோ, அட்வான்ஸ் போனால் போகிறது, வேறு ரூம் பாருங்கள்!