வார்டு தேர்தலில் நிற்கப் போகிறீர்களா? உரிமைகளும் ஆபத்துகளும் தீர்வுகளும்

தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், சுடுகாட்டுப் பாதை. கிராமத்தில் நாள்தோறும் பேசப்படும் குறைகள் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். இவற்றைச் செய்து தருவது ஊராட்சியின் கட்டாயக் கடமை என்கிறது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. ஆனாலும் நாம் மனுவைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்துக்கு நடக்கிறோம். அந்த மனுவில் கையெழுத்துப் போடுகிற நம்மில் ஒருவரே ஊராட்சி மன்றத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். அதற்கான வழிதான் வார்டு உறுப்பினர் தேர்தல்.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு தயாராகிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. 2019-இலும், மற்ற மாவட்டங்களில் தேர்தல் நடந்த 2021-இலும் வேட்புமனு தாக்கலுக்குக் கிடைத்தது ஒரு வாரம்தான்.

யார் நிற்கலாம்?

21 வயது நிறைந்து, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் நிற்கலாம். கிராம ஊராட்சியின் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. எனவே எந்தக் கட்சியிடமும் சீட்டுக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கான டெபாசிட் 200 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் பாதி. மொத்த இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது.

மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால். உங்கள் பெயர் ஊராட்சியின் எந்த வார்டில் இருந்தாலும் போதும்; உங்களை முன்மொழிபவர் நீங்கள் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கிக்கு நோட்டீஸ் வந்தும் கட்டாமல் விட்டிருந்தால் தகுதி பறிபோகலாம். இப்போதே கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஊராட்சியின் ஒப்பந்த வேலையில் பங்கு இருப்பவரும் ஊராட்சிப் பணியாளரும் நிற்க முடியாது. உங்கள் மீதுள்ள வழக்கு, சொத்து விவரங்களை மறைக்காமல் உறுதிமொழியில் எழுதுங்கள். மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பது?

உங்கள் வார்டில் எரியாத விளக்குகள் எத்தனை, தண்ணீர் வராத தெரு எது, மழை பெய்தால் கழிவுநீர் எந்த வீட்டு வாசலில் தேங்குகிறது என்று தெருத் தெருவாக நடந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய கிராம சபைத் தீர்மானங்களையும் வரவு செலவுக் கணக்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிறைவேற்றிவிட்டுச் செயல்படுத்தாமல் விட்ட தீர்மானம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரின் சொல்லை ஊர் நின்று கேட்கும்.

செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். பட்டா வருவாய்த் துறையின் வேலை. ரேஷன் அட்டை உணவு வழங்கல் துறையின் வேலை. பேருந்து விடுவதும் மதுக்கடையை மூடுவதும் ஊராட்சியின் அதிகாரத்தில் இல்லை. தீர்மானம் போட்டு அரசை வலியுறுத்தலாம், அவ்வளவே. இந்த வேறுபாட்டை ஓட்டுக் கேட்கும்போதே விளக்கிவிடுங்கள்.

வார்டு உறுப்பினருக்கு என்ன அதிகாரம் என்று சிலர் இளக்காரமாகக் கேட்பார்கள். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள்தான். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிக் காசோலை செல்லும். ஊர்ப் பணத்தைக் காக்கிற அந்தப் பொறுப்பில் யார் உட்கார வேண்டும் என்பதில் உங்கள் ஒரு ஓட்டுக்கு மதிப்புண்டு.

எங்கே ஆபத்து?

முதல் ஆபத்து ஏலம். கோயில் திருப்பணிக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஒருவர் சொல்ல, ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் மற்றவர்களை மனுப் போடவிடாமல் தடுப்பது இது. கொடுத்த பணத்தை எடுக்கிற இடம் ஊராட்சியின் பைப் லைனும் சிமெண்ட் சாலையும்தான். இது சட்டவிரோதம் என்று தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்திருக்கிறது. மகாராஷ்டிராவில் உம்ரானே, கோண்டாமளி ஆகிய இரு ஊராட்சிகளில் ஏலம் நடந்தது அம்பலமானதும், அங்குள்ள மாநிலத் தேர்தல் ஆணையம் 2021 ஜனவரியில் அந்தத் தேர்தல்களையே ரத்து செய்தது. ஆதாரம் கையில் இருந்தால் ஆணையம் நடவடிக்கை எடுக்கும்.

இரண்டாவது சாதி மிரட்டல். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவரோடு இருந்த பலரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித் தொகுதியில் ஒரு தலித் தலைவரானதே அவர்கள் செய்த குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடவில்லை; 2006-இல்தான் அது நடந்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலித் தலைவர் ஒருவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தினார்கள்.

மூன்றாவது பணம். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நான்காவது ஆபத்து வெற்றிக்குப் பிறகு வருகிறது: ஜெயித்த பெண்ணின் நாற்காலியில் கணவர் உட்காருவது. மன்றக் கூட்டத்தில் உறுப்பினர் தவிர வேறு யாரும் முடிவெடுக்க முடியாது. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

என்ன செய்யலாம்?

ஏலமோ பண விநியோகமோ நடந்தால், மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். நாள், இடம், படம் மூன்றும் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர் மனுப் போடுவதைத் தடுத்தாலோ, போட்ட மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி மிரட்டினாலோ, ஜெயித்த பிறகு கடமையைச் செய்யவிடாமல் தடுத்தாலோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. புகாரில் இந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

வாக்குச்சாவடியிலும் எண்ணும் இடத்திலும் நம்பிக்கையான முகவர்களை வையுங்கள். வார்டு தேர்தலில் ஓரிரு ஓட்டில் முடிவு மாறும், சமமானால் குலுக்கல். சந்தேகம் இருந்தால் முடிவை அறிவிக்கும் முன்பே மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவித்த பிறகு ஒரே வழி மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. அதற்குக் கெடு 45 நாள்.

ஜெயித்தாலும் தோற்றாலும், முடிவு வெளியான 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். 2019-இல் வார்டு உறுப்பினருக்கான செலவு வரம்பு 9,000 ரூபாய். கணக்குக் கொடுக்கத் தவறினால் மூன்றாண்டு போட்டியிடத் தடை வரும்.

தேர்தல் எப்போது வந்தாலும் இந்த வாரமே மூன்று வேலைகளை முடிக்கலாம்: வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பது, வரி பாக்கியைக் கட்டுவது, வார்டின் குறைகளைத் தெரு வாரியாக எழுதுவது. நிற்காதவர்களும் அடுத்த கிராம சபைக்குப் போய், நம் வார்டுக்காக என்ன தீர்மானம் போட்டீர்கள் என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் நிறைந்த ஊரில் பதவியை ஏலம் விடுவது எளிதல்ல.