கப்பல் ராடாரும் கடலலைகளும்

பெங்களூரு நகரம் கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆயினும் கடலைக் கண்காணிக்கும் ராடார்கள் பலவற்றின் பிறப்பிடம் இந்நகரமேயாகும். 1954-ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ‘ரஷ்மி’ என்னும் கப்பல் வழிகாட்டு ராடாரை நம் கடற்படைக்குச் செய்தளித்தது. 2008 நவம்பரில் மும்பையில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின்னர், கடற்கரை நெடுகிலும் தீவுகளிலுமாக 46 ராடார் நிலையங்களைக் கொண்ட கண்காணிப்புத் தொடரை அமைக்கும் பொறுப்பும் அந்நிறுவனத்திடமே ஒப்படைக்கப்பட்டது.

இச்சாதனங்கள் யாவும் கப்பல்களையும் படகுகளையும் காண்பதற்கென்றே அமைந்தவை. அவை வேண்டாமென்று ஒதுக்கும் எதிரொலிகளிலோ கடலைப் பற்றிய செய்தி நிறைந்துள்ளது. அச்செய்தியைப் படித்தறியும் முறையையும், அதனால் விளையும் பயனையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

எதிரொலியும் இரைச்சலும்

ராடார் ஒரு மிகக் குறுகிய ரேடியோத் துடிப்பை அனுப்பி, அது பொருளொன்றில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கின்றது. ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள படகிலிருந்து எதிரொலி திரும்ப, நொடியில் பத்து லட்சத்தில் 20 பங்கு நேரமே ஆகும். சர்வதேச விதிகளின்படி மொத்தக் கொள்ளளவு 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் இத்தகைய ராடார் இருத்தல் வேண்டும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்.

காற்று வீசும் நாளில் ராடார்த் திரையின் நடுப்பகுதியில் கப்பலைச் சுற்றிலும் புள்ளிகள் மொய்த்துத் தோன்றும். இவை கடற்பரப்பே திருப்பியனுப்பும் எதிரொலிகள். இதனை மாலுமிகள் கடலிரைச்சல் என்பர். இதன் நடுவே சிறு படகு மறைந்து போகக்கூடும். ஆகையால் இதனை அடக்குவதற்கென்றே ராடாரில் ஒரு குமிழ் உண்டு.

சிற்றலையும் பேரலையும்

தட்டையான நீர்ப்பரப்பு கண்ணாடியைப் போன்றது. அதன்மேல் சாய்வாக விழும் ரேடியோ அலை எதிர்ப்புறமாகத் தெறித்துச் சென்றுவிடும். ராடாருக்குத் திரும்பி வாராது. காற்றினால் நீர்ப்பரப்பில் சிற்றலைகள் எழும்போதுதான் எதிரொலி கிடைக்கின்றது. அவற்றுள்ளும், ராடார் அலைநீளத்தில் பாதியளவு இடைவெளியுடைய சிற்றலைகளின் எதிரொலிகள் ஒன்றோடொன்று இசைந்து வலுப்பெறுகின்றன. அதாவது, 3.2 சென்டிமீட்டர் ராடாருக்கு 1.6 சென்டிமீட்டர் சிற்றலைகளே தக்கவை. நீண்ட ரேடியோ அலைகளைக் கொண்டு ஆராய்ந்து, இப்பாதியளவு விதியைக் கடலெதிரொலியில் முதன்முதலாக எடுத்துக்காட்டியவர் கிராம்பி என்பவர், ஆண்டு 1955.

விரற்கடையளவுச் சிற்றலையைக் கண்டு யாது பயன் என்று கேட்கலாம். சிற்றலைகள் பேரலைகளின் முதுகின்மீது ஏறிச் செல்கின்றன. பேரலையின் ராடாரை நோக்கிய சரிவு வலுவான எதிரொலியைத் தரும்; மறுசரிவு நிழலில் மறைந்துவிடும். ஆதலால் திரையில் ஒளிவரியும் இருள்வரியும் மாறிமாறித் தோன்றுகின்றன. இவ்வரிகளின் இடைவெளியே பேரலையின் நீளமாகும்.

படத்திலிருந்து அளவை

கப்பல் ராடாரின் ஆன்டெனா பொதுவாக இரண்டரை நொடிக்கு ஒருமுறை சுற்றுகின்றது. ஒவ்வொரு சுற்றும் ஒரு படம். இவ்வாறு 64 படங்களைத் தொடர்ந்து எடுக்க 160 நொடி போதும். அப்படங்களை வரிசையாக வைத்துக் கணித்தால் அலையின் நீளம், காலம், திசை ஆகிய மூன்றும் வெளிப்படும். இம்முறையை 1985-இல் யங், ரோசந்தால், சீமர் என்னும் மூவர் விளக்கமாக வெளியிட்டனர்.

இனி நீரோட்டத்தைக் காண்போம். ஆழ்கடலில் 100 மீட்டர் நீளமுள்ள அலை நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும் என்பது இயற்கை விதி. ராடாரில் அதே அலை 13.5 மீட்டர் வேகத்தில் செல்லக் கண்டால், மிகுதியான 1 மீட்டர், அலையைச் சுமந்து செல்லும் நீரோட்டத்தின் வேகமாகும். ஆழம் குறைந்த இடத்திலோ அலை தளர்ந்து நடக்கின்றது. 10 மீட்டர் ஆழத்தில் அதே நீளமுள்ள அலையின் வேகம் நொடிக்கு 9.3 மீட்டர்தான். எனவே வேகக் குறைவைக் கொண்டு ஆழத்தையும் மதிப்பிடலாம். துறைமுக வாயிலில் புயலுக்குப் பின் மணல்மேடு இடம் மாறியதா என்பதை அறிய இது பெரிதும் உதவும்.

நீரோட்டத்தை அளக்க நம் நாட்டில் வேறுவகை ராடார்களும் உள்ளன. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கல்பாக்கம், கடலூர் முதலிய இடங்களில் நீண்ட ரேடியோ அலையால் இயங்கும் கரையோர ராடார்களை இணை இணையாக நிறுவியது. அவை மிகப் பரந்த கடற்பரப்பைக் காண்பன. ஆனால் சில கிலோமீட்டருக்குக் குறைந்த நுட்பத்தைக் காட்டமாட்டா. கப்பல் ராடார் மூன்று நான்கு கிலோமீட்டர் வட்டத்தில் மட்டுமே அலைகளை அளக்கும். ஆனால் சில மீட்டர் நுட்பத்துடன் அளக்கும். ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது.

எண்ணெய்ப் படலம்

2017 ஜனவரி 28 அன்று, பொழுது புலருமுன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எரியெண்ணெய் கரையோரமாகப் பரவியது. அதனை மக்கள் வாளிகளால் அள்ளி அகற்றிய காட்சியை நாடே கண்டது. இத்தகைய விபத்தில், எண்ணெய் எங்குள்ளது, எத்திசையில் நகர்கின்றது என்பதை முதல் சில மணி நேரத்திலேயே அறிதல் இன்றியமையாதது. இரவில் கண்ணுக்கு அது புலப்படாது. ஆனால் எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அமுக்கிவிடுகின்றது. சிற்றலை இல்லாத இடத்தில் எதிரொலியும் இல்லை. ஆகவே இரைச்சலின் நடுவே கரிய திட்டாக எண்ணெய் தோன்றும். இரைச்சலை முற்றிலும் அடக்கிவிட்ட திரையிலோ இத்திட்டைக் காண இயலாது.

இம்முறையின் வரம்புகள்

காற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டருக்குக் குறைந்தால் சிற்றலைகள் எழா. ராடாரும் அலையைக் காணாது. காற்றடங்கிய கடலும் கரிய திட்டாகவே தோன்றுமாதலால், அதனை எண்ணெயென்று மயங்கவும் கூடும். பெருமழை படத்தைக் கலைத்துவிடும். அலையின் உயரத்தை ராடார் நேரடியாக அளப்பதில்லை. எதிரொலியின் தன்மையிலிருந்து மதிப்பிடுகின்றது. அம்மதிப்பீட்டை மிதவைக் கருவியுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வரம்புகளுள் முதலாவது நமக்கு முக்கியமானது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் நீண்ட அலைகளை அனுப்புகின்றன. அவை பல நாள் பயணம் செய்து, வானம் தெளிந்திருக்கும் வேளையில் நம் தென்கரையை அடைகின்றன. இதனைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே மாதத் தொடக்கத்தில் இவ்வலையெழுச்சி பற்றிய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள்களை ஒட்டி, மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையொன்றில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். உள்ளூர்க் காற்று அடங்கிய நாளில் இத்தகைய அலைகள் கப்பல் ராடாருக்குத் தென்படாமற் போகலாம். எனவே மிதவைகளையும், ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் மையத்தின் முன்னறிவிப்பையும் ராடார் துணை செய்யுமேயன்றி, அவற்றின் இடத்தைக் கொள்ளாது.

களத்திலும் வகுப்பிலும்

ராடார் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் பணியாற்றுவோர், கடலிரைச்சல் அடக்கப்படாத மூலப் படங்களைக் குறித்த வேளைகளில் சேமித்து வைத்தல் நலம். அவற்றுடன் காற்றின் வேகம், திசை, மழை ஆகியவற்றையும் எழுதி வைக்க வேண்டும். இக்குறிப்பு இல்லாத படத்தால் பின்னர்ப் பயன் இராது.

ஆசிரியர்கள் ஓர் அகன்ற தட்டில் நீர் நிரப்பி, இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைச் சாய்வாக விழச் செய்யலாம். அமைதியான நீரில் ஒளி எதிர்ச்சுவரில் விழும். மெல்ல ஊதினால் சிற்றலைகளின் சரிவுகளிலிருந்து ஒளிப்பொறிகள் விளக்குப் பிடித்தவரை நோக்கியும் சிதறும். ஒரு துளி எண்ணெய் விட்டு மீண்டும் ஊதினால், சிற்றலைகள் அடங்குவதைக் காணலாம்.

கடலோரப் பள்ளிகளில் இன்னுமொரு பயிற்சி உண்டு. அலை எட்டாத மேட்டில் நின்று, ஒரு முகட்டுக்குப் பின் பத்து முகடுகள் வந்தடையும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து பத்தால் வகுக்கச் செய்யலாம். விடை 15 நொடிக்கு மேற்பட்டால், அவ்வலை உள்ளூர்க் காற்றில் பிறந்ததன்று; நெடுந்தொலைவிலிருந்து வந்தது. அன்று வானம் எவ்வளவு தெளிவாக இருப்பினும் நீரில் இறங்கலாகாது. இதனை ஒரு மாணவன் தானே அளந்து அறிந்துகொண்டால், அவன் தன் வீட்டாருக்கும் அதனை எடுத்துச் சொல்வான்.