தாயிடம் மட்டும் கேட்பதேன்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தென்காசிச் சாலைகளில் மது நெடியும் கூடவே வந்துவிடும். தமிழகத்தில் ஆண்களில் நால்வரில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு.

ஆயினும் பிள்ளை வகுப்பில் கவனமின்றித் துறுதுறுவென அலைந்தால், விசாரணை தாயிடமே தொடங்குகிறது: கருவுற்றபோது என்ன சாப்பிட்டாய், என்ன செய்தாய்? கர்ப்பிணி அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் மூளையைப் பாதிக்கும் என்பது உண்மையே. 1973-இல் ஜோன்ஸ், ஸ்மித் குழுவினர் 'லான்செட்' இதழில் அப்பாதிப்பை விவரித்தனர். ஆனால் ஏடிஎச்டி எனும் கவனக்குறைவுக் கோளாறில், பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு மரபுவழி வருவது என இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. குடிக்கும் தந்தைக்கே அக்கோளாறு இருந்திருக்கலாம். அதுவே அவரைக் குடிக்குத் தள்ளியுமிருக்கலாம். உடன்நிகழ்வதெல்லாம் காரணமாகாது என்பது பொருளியல் மாணவனுக்கு முதலாண்டுப் பாடம். மருத்துவர், தந்தையையும் அழைத்து அவருடைய பள்ளிப்பருவம் எப்படி இருந்ததெனக் கேட்கட்டும்.