பிணிக்குப் பின் – 7: இரண்டாவது பருவம்

1975-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்பவர், தமக்காக எடுத்துக்கொண்ட எக்ஸ்ரே படத்தைத் தாமே பார்த்தபோது, மார்புக்கூட்டின் நடுவே இருக்கக் கூடாத ஒரு நிழலைக் கண்டார்; அது புற்றுநோய். அப்போது அவருக்கு வயது 32. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு (நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் ‘கரண்ட் வைப்பது’ என்று இதற்குப் பெயர்), கீமோ என்று எல்லாவற்றையும் தாங்கிப் பிழைத்தெழுந்த அவர், பத்து ஆண்டுகள் கழித்து, 1985-இல், நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ‘பிழைத்திருத்தலின் பருவங்கள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பருவம் என்ற நம் சொல் காலத்தையும் வயதையும் ஒருங்கே குறிப்பதால், மூலத்தைவிட மொழிபெயர்ப்பே பொருத்தமாக அமைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

அவர் கணக்கில் பருவங்கள் மூன்று. நோய் தெரிந்து சிகிச்சை நடக்கும் காலம் முதலாவது. சிகிச்சை ஓய்ந்து, நோய் திரும்புமோ திரும்பாதோ என்று காத்திருக்கும் காலம் இரண்டாவது. திரும்பும் அபாயம் வெகுவாகக் குறைந்து வாழ்க்கை நிலைபெறும் காலம் மூன்றாவது. முதலாவதைப் பற்றிச் சென்ற வாரங்களில் வேண்டிய மட்டும் எழுதியாயிற்று. இரண்டாவதோ அனுபவிப்பவரைத் தவிர மற்றவர் கண்ணுக்குப் புலப்படாதது. ஆகவே இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

சிகிச்சை நடக்கும் வரையில் நோயாளிக்குக் காரியம் இருக்கிறது. நாள் தவறாமல் போக வேண்டும், ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், பயப்படக்கூட அவகாசமில்லை. அது முடிந்து, ‘மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்று வைத்தியர் விடைகொடுத்து, உற்றார் உறவினரெல்லாம் கண்டம் தப்பியதென்று ஆனந்தித்துத் தத்தம் வேலையைப் பார்க்கப் போன பிறகுதான், நடுநிசியில் விழித்துக்கொண்டு கழுத்திலும் அக்குளிலும் விரலால் தடவிக் கட்டி தேடும் பழக்கம் ஆரம்பிக்கிறது. இருமினால், அது வெறும் இருமல்தானா என்று சந்தேகம். ஸ்கேன் எடுக்கும் தேதி நெருங்க நெருங்கச் சோறு இறங்குவதில்லை. வெளியே சொல்லலாமென்றாலோ, ‘உயிர் பிழைத்ததே, அது போதாதா?’ என்று அன்பு மிகுதியால் கேட்கப்படும் கேள்வியே வாயை அடைத்துவிடுகிறது.

மனச்சோர்வை இனங்காண்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. பசியின்மை, தூக்கமின்மை, ஓயாத அசதி ஆகியவை மனச்சோர்வின் லட்சணங்கள் என்று வைத்திய நூல்கள் சொல்லும். கீமோவும் கதிர்வீச்சும் உடம்பில் விட்டுச்செல்வனவும் அவையே. ஆகையால்தான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மனநல வைத்தியர்களான ஸிக்மண்ட், ஸ்னெய்த் இருவரும், 1983-இல், உடம்பைப் பற்றிய விசாரணையைக் கூடியவரை விலக்கி, கவலைக்கு 7, சோர்வுக்கு 7 என்று 14 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை வகுத்தார்கள். முன்பு சந்தோஷம் தந்தவை இப்போதும் தருகின்றனவா என்பதே சோர்வைப் பற்றிய கேள்விகளின் சாரம். ஆஸ்பத்திரியில் சில நிமிஷங்களில் பூர்த்தி செய்துவிடக்கூடிய அந்தத் தாளை நீட்டுவாரில்லாமல் திரும்பிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பல ஆராய்ச்சிகளைத் திரட்டி, 2013-இல் லான்ஸெட் ஆன்காலஜி சஞ்சிகை வெளியிட்ட கணக்கு ஒன்று இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. நோய் கண்டு 2 ஆண்டுகளாவது கடந்தவர்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் 11.6 சதவீதம், நோயே காணாதவர்களில் 10.2 சதவீதம், பெரிய பேதமில்லை. கவலையிலோ 17.9-க்கு 13.9 என்று இடைவெளி விரிகிறது. துக்கம் காலக்கிரமத்தில் வடிய, கவலை வடியாமல் தங்கிவிடுகிறது என்றே இதற்குப் பொருள் கொள்கிறேன். இதைக் காட்டிலும் என்னைத் திகைக்க வைத்தது அதே கணக்கின் இன்னொரு பகுதி: நோயுற்றவரையும் அவருடைய வாழ்க்கைத்துணையையும் சேர்த்துப் பரிசோதித்த ஆராய்ச்சிகளில், நோயுற்றவர்களில் கவலைக்கு ஆளானோர் 28 சதவீதம், துணைவர்களில் 40.1 சதவீதம்.

முல்லன் 1986-இல் தம்மைப் போன்றோருக்காகத் தேசிய அளவில் ஒரு சங்கம் ஸ்தாபிப்பதில் முன்னின்றார். 77 வயது வரை வாழ்ந்து, 2019-இல் காலமானார். அவர் மூன்றாவது பருவத்தைக் கண்ட விதத்தை அடுத்த வாரம் பார்க்கலாம். அதற்குள் செக்கப்புக்குப் போக நேரும் வாசகர்கள், ரிப்போர்ட்டைக் காட்டிய கையோடு, இரவில் தூக்கம் வருவதில்லை என்பதையும் கூசாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வெளியே பெஞ்சில் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் காத்திருப்பவரையும் உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டும்.