தங்கம் தேடிப் புறப்படும் முன்...

கைப்பேசியைத் திறந்தால் போதும். செம்மண் வெளியில் ஒருவர் உலோகம் கண்டறியும் கருவியை ஆட்டியபடி நடக்கிறார். கருவி ஒலி எழுப்புகிறது. குனிந்து மண்ணைக் கிளறுகிறார். விரல் நுனியில் ஒரு மஞ்சள் கட்டி மின்னுகிறது. சற்றுத் தள்ளி அவருடைய வண்டி நிற்கிறது. அதுதான் அவருக்கு வீடும். "படிப்பு முடிந்ததும் ஓராண்டு இப்படி ஊர் சுற்றி வாழ்ந்தால் என்ன?" என்று நம் இளைஞர் பலருக்கும் தோன்றும்.

ஆஸ்திரேலியாவில் இது நடக்கக்கூடியதுதான். விக்டோரியா மாநிலத்தின் கிங்கோவர் என்ற சிற்றூருக்கு அருகே, 1980ஆம் ஆண்டில் ஒருவர் இத்தகைய கருவியைக் கொண்டு 27 கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக் கட்டியைக் கண்டெடுத்தார். 'நம்பிக்கையின் கை' என்ற பொருளில் அதற்கு 'ஹேண்ட் ஆஃப் ஃபெயித்' என்று பெயரிட்டார்கள். ஆனால், காணொளியில் காட்டாத பல உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு புறப்படுபவரே நல்ல அனுபவத்தோடு வீடு திரும்புகிறார்.

முதல் கருவி ஒரு தாள்

வாங்க வேண்டிய முதல் பொருள் மண்வெட்டி என்று நினைப்போம். உண்மையில் அது உரிமம். ஆஸ்திரேலியாவில் நிலத்தடிக் கனிமம் பொதுவாக அரசுக்கே சொந்தம். விக்டோரியாவில் 'மைனர்ஸ் ரைட்' என்ற உரிமத்தை வாங்கினால், அனுமதிக்கப்பட்ட இடத்தில் கண்டெடுத்தது உங்களுடையதாகிறது. கட்டணம் சொற்பம், 10 ஆண்டுகளுக்குச் செல்லும்.

இந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு போராட்டமே இருக்கிறது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததை எதிர்த்து, 1854 டிசம்பரில் பல்லாரட் நகரின் யுரேக்காவில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பலர் உயிரிழந்தனர். மறு ஆண்டே பழைய முறை நீங்கி, ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டணத்தில் இந்த உரிமம் வந்தது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மேற்கு ஆஸ்திரேலியா தனி உரிமம் தருகிறது. குவீன்ஸ்லாந்தில் குறிப்பிட்ட காலத்துக்கான உரிமம் வாங்கலாம். பொழுதுபோக்காகத் தேட மட்டுமே அது இடமளிக்கிறது. அங்கு கையால் இயக்கும் கருவிகள் போதும். எந்திரம் கொண்டு தோண்டக் கூடாது. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் தடை. தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். பூர்வகுடி மக்களின் பண்பாட்டு இடங்களைத் தொடவே கூடாது. தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும்.

விசா நிபந்தனையையும் மறக்கக்கூடாது. கண்டெடுத்ததை விற்கும் எண்ணம் இருந்தால், உங்கள் விசாவில் அதற்கு இடமுண்டா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எடை சொல்லும் இரகசியம்

தங்கத்தின் அடர்த்தி நீரைப் போல் 19 மடங்குக்கும் மேல். நீலக்கல் 4 மடங்கு. சாதாரண மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 2.65 மடங்குதான். தட்டில் மண்ணை நீரோடு சேர்த்துச் சுழற்றும்போது இலேசானது மேலே வந்து வழிகிறது. கனமானது அடியில் தங்குகிறது. தேடும் தொழில் முழுவதும் இந்த ஒரு விதியின்மேல் நிற்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. பேராக்கின் ஈய லம்பங்களில் 'துலாங்' எனும் மரத்தட்டை ஏந்தி, முழங்கால் நீரில் நின்று ஈயமணல் அரித்த பெண்களை நம் தாத்தா பாட்டிகள் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலோர் சீனப் பெண்கள். அவர்களுக்கும் உரிமம் தேவைப்பட்டது. இன்றைய பிளாஸ்டிக் தங்கத் தட்டு அந்தத் துலாங்கின் தம்பி.

நீலக்கல் தேடுவோர் போவது குவீன்ஸ்லாந்தின் ரூபிவேல், சஃபையர், அனாக்கி ஆகிய ஊர்களுக்கு. அருகிலுள்ள நகரின் பெயர் எமரால்டு, அதாவது மரகதம். ஆனால், அந்த வட்டாரம் பெயர் பெற்றது நீலக்கல்லுக்கு! பழங்கால ஆறுகள் விட்டுச் சென்ற சரளைப் படிவத்தைத் தோண்டி, பெரிய கண், சிறிய கண் என இரண்டு சல்லடைகளில் சலித்து, நீரில் மேலும் கீழும் அசைப்பார்கள். கனமான கற்கள் நடுவில் அடியில் சேரும். சல்லடையைச் சட்டென்று கவிழ்த்தால் அவை குவியலின் உச்சியில் வந்து நிற்கும். மழை பெய்த மறுநாள், தாழ்ந்த வெயிலில், கண்ணை மட்டும் நம்பி நடந்து தேடுவோரும் உண்டு.

இங்கே ஒரு முக்கியக் குறிப்பு: உலோகம் கண்டறியும் கருவி நீலக்கல்லைக் காட்டாது. அது உலோகத்துக்கு மட்டுமே. விலை சில நூறு டாலரிலிருந்து பத்தாயிரம் டாலர் வரை போகும். புதியவர்கள் அதை முதலில் வாங்கிவிட்டு, நாள் முழுக்கத் துருப்பிடித்த ஆணியையும் பழைய துப்பாக்கிக் குண்டையும் தோண்டுவார்கள். தட்டு, சல்லடை, வாளி, சிறு மண்வெட்டி, வரைபடம் ஆகியவற்றோடு தொடங்குங்கள். கருவியை வாடகைக்கு எடுத்துப் பார்த்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

உயிரோடு திரும்பும் பட்டியல்

உள்நாட்டு வெளிகளில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத இடங்கள் ஏராளம். ஆகவே, துணைக்கோள் வழி அபாயச் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி கட்டாயம் வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குடிநீரை ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் கணக்கிடுங்கள்; கோடையில் இன்னும் கூடுதலாக. வண்டியில் கூடுதல் டயரும் எரிபொருளும் இருக்கட்டும்.

பாம்புக்குக் கனமான காலணி, கெண்டைக்கால் உறை, முதலுதவிக்கு அழுத்தக் கட்டுத்துணி. விக்டோரியாவின் புதர்க்காடுகளில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் திறந்தே கிடக்கின்றன. பின்னோக்கி நடக்கவே கூடாது. பழைய சுரங்கக் கழிவு மண்ணில் ஆர்செனிக் நஞ்சு இருக்கக்கூடும். கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

ஒரு வாரக் கணக்கு

இப்போது தாளும் பேனாவும் எடுங்கள். வண்டி வாடகை, எரிபொருள், உணவு, முகாம் கட்டணம், காப்புறுதி ஆகியவற்றின் ஒரு வாரச் செலவைக் கூட்டுங்கள். அதை இன்றைய ஒரு கிராம் தங்க விலையால் வகுங்கள். வரும் எண்தான், கையைக் கடிக்காமல் இருக்க ஒவ்வொரு வாரமும் நீங்கள் எடுக்க வேண்டிய கிராம். வாங்குபவர் சந்தை விலையைவிடக் குறைத்தே தருவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீலக்கல் என்றால், பட்டை தீட்டும்போதே கல்லின் எடையில் பாதிக்கு மேல் போய்விடும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், காராவான் வண்டியில் சுற்றித் தேடுவோரில் ஓய்வுபெற்றவர்கள் ஏன் அதிகம் என்பது விளங்கும். அவர்களுக்குச் சோறு போடுவது ஓய்வூதியம். தங்கம் தருவது மகிழ்ச்சி. இளைஞர்களுக்கு அந்த இடத்தில் ஒரு கைத்தொழிலோ, பருவகால வேலையோ, சேமிப்போ இருக்க வேண்டும்.

பெரிய கட்டிகள் கிடைத்த கதைகளையும் நிதானமாகப் படியுங்கள். 1869இல் மோலியாகுல் என்ற இடத்தில் டீசன், ஓட்ஸ் என்ற இருவர், தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே, ஏறத்தாழ 72 கிலோ தங்கம் கொண்ட கட்டியைக் கண்டார்கள். அதை நிறுக்கத் தராசு இல்லாமல் டனோலி நகரில் உடைக்க வேண்டியதாயிற்று. அவர்கள் முதல் நாள் வந்து எடுத்தவர்களல்லர். பல ஆண்டுகளாக அதே வட்டாரத்து மண்ணில் உழைத்தவர்கள்.

இங்கிருந்தே தொடங்கலாம்

தங்கத்துக்குக் கடல் கடந்துதான் போக வேண்டும் என்பதில்லை. பகாங்கின் ரவுப் நகரில் 1889லேயே ஆஸ்திரேலியர் ஒருவர் சுரங்க நிறுவனம் தொடங்கினார். ஒரு துலாங் மணலுக்குக் கை நிறையத் தங்கம் கிடைத்ததால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்பார்கள். ஆனால், மலேசியாவில் கனிமம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அனுமதியின்றி ஆற்றில் இறங்கித் தோண்டாதீர்கள்.

மண்ணின் மீது உண்மையான ஆர்வம் இருந்தால் அதையே படிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் புவியியல் பாறைகளை ஆராயும் நிலவியல் படிப்பு உண்டு. படிவம் ஆறிலோ மெட்ரிகுலேஷனிலோ இயற்பியலும் வேதியியலும் எடுப்பவர்கள் இதையும் மனத்தில் வைக்கலாம்.

அதுவரை வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யுங்கள். மீன்பிடிப் பொருள் கடையில் மிகச் சிறிய ஈயக் குண்டுகள் பத்து வாங்கி, ஒரு வாளி மணலில் கலந்துவிடுங்கள். அகலத் தட்டில் நீர் விட்டு அரித்து எத்தனை மீட்கிறீர்கள் என்று எண்ணுங்கள். முதல் முறை மூன்றோ நான்கோதான் வரும். பத்தும் வரும்வரை விடாதீர்கள். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தங்கத்துக்கான பயணச்சீட்டைப் பிறகு வாங்கலாம்.